நோயா, அழகுக் குறையா? ஒரு சிகிச்சை, முரண்படும் விதிகள்

புது தில்லி: ராணுவத்தில் சேர வரும் இளைஞரின் மார்பகம் இயல்புக்கு மீறிப் பெருத்திருந்தால், மருத்துவப் பரிசோதனையில் அவர் தகுதியற்றவர் எனத் திருப்பி அனுப்பப்படலாம். அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு மறுபரிசோதனைக்கு வருவோர் உண்டு. ஆனால், அதே சிகிச்சையை அழகுபடுத்தும் சிகிச்சை என ஒதுக்கிவிட வரி விதிகளும் காப்பீட்டு விதிகளும் இடமளிக்கின்றன.

மருத்துவர்கள் "கைனகோமாஸ்டியா" என அழைக்கும் இந்நிலைக்கு ஹார்மோன் சமநிலை குலைவதே அடிப்படை. பருவ வயதில் தோன்றுவது பெரும்பாலும் 2 ஆண்டுகளுக்குள் தானாகவே மறைந்துவிடும். கல்லீரல் நோய், விரைக் கட்டி, ஸ்பைரனோலாக்டோன் போன்ற மருந்துகள், கட்டுடலுக்காக எடுத்துக்கொள்ளும் அனபாலிக் ஸ்டீராய்டுகள் ஆகியவையும் காரணமாகலாம். ஆகவே, அறுவைக்கு முன் காரணத்தைக் கண்டறிவது அவசியம்.

நாள்பட்டு இறுகிவிட்ட சுரப்பித் திசு மருந்துக்குக் கட்டுப்படுவது அரிது. அந்நிலையில், கொழுப்பைக் குழாய் மூலம் உறிஞ்சி எடுத்து, மார்புக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் ஓரத்தில் சிறு கீறலிட்டுத் திசுவை அகற்றுகின்றனர். ரத்தக் கட்டு, உணர்ச்சிக் குறைவு, மார்பில் பள்ளம் விழுதல் ஆகிய பின்விளைவுகளும் நேரலாம்.

2009-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில், அன்றைய நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி அழகு அறுவைச் சிகிச்சையைச் சேவை வரி வரம்புக்குள் கொண்டு வந்தார். 2017-இல் நடைமுறைக்கு வந்த சரக்கு மற்றும் சேவை வரியிலும் அது தொடர்கிறது. பிறவிக் குறைபாடு, வளர்ச்சிக் கோளாறு, காயம் ஆகியவற்றால் பாதிக்கப்பட்ட உடலமைப்பைச் சீராக்கும் அறுவைக்கு மட்டும் விலக்கு உண்டு. பருவ வயதில் தோன்றி மறையாத மார்பக வீக்கம் "வளர்ச்சிக் கோளாறு" ஆகுமா? அவ்விலக்கின் வாசகம் இதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம் 2019-இல் வகுத்த பொது விலக்குகளும் இவ்வாறே. விபத்து, தீக்காயம், புற்றுநோய் ஆகியவற்றுக்குப் பிந்தைய சீரமைப்பு நீங்கலாக, தோற்றத்தை மாற்றும் சிகிச்சைக்குப் பணம் பெற வேண்டுமெனில், உடல்நலத்துக்கு நேரடியான, உடனடி ஆபத்து இருப்பதாக மருத்துவர் சான்றளிக்க வேண்டும். மார்பக வீக்கத்தில் அத்தகைய ஆபத்து இருப்பது அரிது. சட்டையைக் கழற்றக் கூசி, விளையாட்டையும் நண்பர்களையும் விட்டு விலகும் மாணவனின் வேதனை இந்த அளவுகோலில் அடங்குவதில்லை.

வசதி படைத்தவர் தனியார் மருத்துவமனையை நாடுகிறார். படைவேலையை நம்பியிருக்கும் ஏழைக் குடும்பத்து இளைஞருக்கோ, அரசு மருத்துவமனையின் பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவு அல்லது கடன்தான் வழி.

ராணுவத் தேர்வு பாதுகாப்பு அமைச்சகத்திடமும், வரியும் காப்பீடும் நிதி அமைச்சகத்திடமும், சிகிச்சை சுகாதார அமைச்சகத்திடமும் உள்ளன. எவ்வகை மார்பக வீக்கத்துக்குச் செய்யும் அறுவை மருத்துவத் தேவை என்பதை மூன்று அமைச்சகங்களும் கலந்து வரையறுத்தால் போதும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வேலைக்குத் தடையாகும் குறை என அரசே கருதும் ஒன்றை, அதைச் சரிசெய்யும் செலவு வரும்போது மட்டும் ஆடம்பரமாகக் கருதலாமா என்பது நாடாளுமன்றத்தில் எழுப்பத்தக்க கேள்வி.