'வயிற்று வலி' என்று முடியும் செய்தி

தற்கொலைச் செய்திகளில் நெடுங்காலமாக ஒரு சொல் புழங்குகிறது: 'தீராத வயிற்று வலி'. சிலருக்கு நிஜமாகவே வலி இருந்திருக்கும். பல வீடுகளில் அது வெளியே சொல்லக் கூசிய விஷயத்தின்மேல் போட்ட போர்வை. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி தமிழ்நாட்டில் 19,834 பேர் தற்கொலையால் இறந்தனர். நாடு முழுவதற்குமான காரணங்களில் முதலிடம் 'குடும்பப் பிரச்சினை'க்கு, 31.7 சதவீதம். ஆணை விரும்பிய ஆணுக்கும் பெண்ணை விரும்பிய பெண்ணுக்கும் அந்த அட்டவணையில் தனிக் கட்டம் கிடையாது.

தன்பால் ஈர்ப்பு நோயல்ல. அது தானாக யாரையும் சாவுக்குத் தள்ளுவதுமில்லை. தள்ளுவது அதைச் சுற்றி நாள்தோறும் சேரும் அழுத்தம். இலன் மேயர் என்ற ஆய்வாளர் 2003இல் இதைச் 'சிறுபான்மையினர் மன அழுத்தம்' என்று விளக்கினார். கேலியும் அடியும் ஒரு பக்கம். எப்போது மாட்டிக்கொள்வோமோ என்ற பயமும், கேட்டுக் கேட்டுத் தன்னையே அருவருக்கப் பழகுவதும் இன்னொரு பக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து, ஆவடியில் ஒண்டிக்குடித்தன வீட்டுக்குத் திரும்பும் ஒரு பையனை நினைத்துப் பாருங்கள். போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அழுவதற்குக்கூடத் தனி அறை இல்லை. கம்பெனியில் 'எப்பப்பா கல்யாணம்?' என்பார்கள். நடை கொஞ்சம் மாறினால் 'ஒன்பது' என்பார்கள்.

இத்தனையையும் தாங்குகிறவர்கள்கூட வீடு கைவிட்டால் உடைந்து போகிறார்கள். அமெரிக்காவில் கெய்ட்லின் ரயன் குழு 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. குடும்பத்தால் கடுமையாக ஒதுக்கப்பட்ட இளைஞர்களிடம் தற்கொலை முயற்சி, அவ்வளவாக ஒதுக்கப்படாதவர்களைவிட 8.4 மடங்கு அதிகமாக இருந்தது. அது நம் ஊர் எண் இல்லைதான். ஆனால் வீட்டுக்குத் தெரிந்த பிறகு இங்கே நடப்பதைப் பார்த்தவர்களுக்கு அந்த எண் வியப்பளிக்காது. முதலில் போனைப் பிடுங்குவார்கள். அடுத்து வேலைக்குப் போவது நிற்கும். பிறகு மந்திரித்தல், 'சரிபண்ணும்' டாக்டர், கடைசியாக 'ஒரு கல்யாணம் பண்ணி வச்சா எல்லாம் சரியாப் போயிடும்'. பேச ஒரே துணையாக இருந்த ஆளையும் துண்டித்துவிட்டு அறைக்குள் அடைத்து வைக்கும் அந்த வாரங்கள்தான் ஆபத்தானவை.

சட்டம் இந்தக் கட்டத்தில்தான் கைகொடுக்கிறது, அதுவும் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்தே. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களைத் தேடி, பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுத்திருந்தார்கள். அந்த சுஷ்மா வழக்கில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இந்த விஷயம் தனக்கே முழுதாகப் புரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, உளவியல் நிபுணர் ஒருவரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகு 2021 ஜூன் 7 அன்று உத்தரவிட்டார்: இப்படிப்பட்ட புகாரில் தேடப்படுபவர்கள் வயதுவந்தவர்கள், விருப்பப்பட்டே சேர்ந்திருக்கிறார்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு போலீஸ் புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக்கூடாது. பால்புதுமையினரைத் துன்புறுத்துவதைத் தடை செய்யும் 24-சி விதி 2022இல் தமிழகக் காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்தது. அதே ஆண்டு பிறந்த ஆவடி காவல் ஆணையரகத்தின் ஸ்டேஷன்களுக்கும் இது பொருந்தும். ஆகவே 'பேசித் தீர்த்து வீட்டோட அனுப்பிடலாம்' என்று யாராவது சொன்னால், '18 வயது ஆகிவிட்டது, என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லலாம், அது உரிமை.

'சரிபண்ணும்' டாக்டருக்கும் வழியில்லை. ஒருவரின் பாலீர்ப்பை மாற்ற முயலும் சிகிச்சை, மருத்துவரின் தொழில் ஒழுக்கக்கேடு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022 ஆகஸ்டில் அறிவித்தது. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் தரலாம்.

அறைக்குள் அடைபட்டவருக்காகத் துணைவரோ நண்பரோ ஆட்கொணர்வு மனு போடலாம். 2025 மே 22 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதிகள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு அப்படி ஒரு மனுவில் 25 வயதுப் பெண்ணிடமே நேரில் கேட்டது. 'இயல்பாக்க' வீட்டில் அடித்துச் சடங்கு செய்தார்கள் என்று அவர் சொன்னார். தோழியோடு போக அவரை அனுமதித்த நீதிமன்றம், திருமணத்துக்கு வெளியேயும் குடும்பம் அமையலாம் என்றது. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் உண்டு; சட்டப் பணிகள் ஆணையத்தின் எண் 15100.

இன்னொரு பயம்: 'முயற்சி பண்ணினதைச் சொன்னா கேஸ் ஆகுமே?' ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தாமதிக்க வைக்கும் பயம் இது. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 115ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதச் சொல்கிறது, தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை.

பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. திடீரென்று யாரோடும் ஒட்டாமல் ஒதுங்குவது, பிரியமான பொருள்களை எடுத்துக் கொடுப்பது, 'நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி' என்ற பேச்சு, இவற்றைக் கண்டால் 'செத்துப் போகணும்னு தோணுதா?' என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பதில் வரும்வரை புத்தி சொல்லாமல் கூடவே இருங்கள்.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இரவு பகலாக, தமிழிலேயே பேசலாம். 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகாவின் எண் 044-24640050. பதினெட்டு வயது ஆகாதவர்கள் 1098ஐ அழைக்கலாம். இந்த எண்களில் பெற்றோரும் பேசலாம். பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டு, இப்போது என்ன செய்வது என்று தெரியாமல் நடு ராத்திரியில் சமையலறையில் நின்றுகொண்டிருக்கும் அம்மாவும்.