பட்டத்திற்கு இரு விலை

பட்டம் பெற்றவனுக்குக் கடல் கடந்தால் தனி மதிப்பு என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். கனடாவைப் பாருங்கள். குடியேற வருவோரின் கல்விக்கும் தொழில்திறனுக்கும் மதிப்பெண் வழங்கும் முறையை அந்நாடு 1967-இல் கொண்டுவந்தது. (அங்கும் தேர்வுதான்!) உள்ளே போனபின் முதலாளி கேட்பதோ, "கனடாவில் வேலை பார்த்த அனுபவம் உண்டா?" என்று. வேலை கிடைத்தால்தானே அனுபவம்!

பொருளியல் அறிஞர் பிலிப் ஓரியோபவுலோஸ் ஏறத்தாழ 13,000 கற்பனை விண்ணப்பங்களை நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்து, 2011-இல் முடிவை வெளியிட்டார். அயல்நாட்டு அனுபவத்தைக் கனடா அனுபவமாக மாற்றி எழுதியதும் அழைப்புகள் கூடின. கனடாவிலேயே படித்து உழைத்தவராகக் காட்டியும், இந்தியப் பெயரோ சீனப் பெயரோ இருந்தால் அழைப்பு குறைந்தது. ஆகவே, குறை முழுவதும் பட்டத்தில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

ஒன்டாரியோ மாகாணத்தில், 25 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் கேட்பதை 2026 சனவரி முதல் சட்டம் தடுத்துள்ளது. பெயரைப் பார்த்துத் தயங்கும் முதலாளிக்கு அது மருந்தாகுமா என்பது ஐயமே.