மணி அடித்தால் விளக்கு எரியட்டும்

காது மந்தமானவர்களுக்கு விற்க நம்மிடம் என்ன இருக்கிறது என்று கேட்டால், "காதுக்கருவி" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். அது மருத்துவர் சோதித்துக் கொடுக்க வேண்டியது. சாதாரண மின்சாமான் கடையில் விற்கக்கூடிய பொருள் வேறொன்று உண்டு. சத்தத்தை நிற வெளிச்சமாக மாற்றிக் காட்டும் விளக்குதான் அது. நான் ஹட்டனில் விசாரித்த கடைகளில் வாசல் மணி வகைவகையாக இருந்தது. விளக்கு மணி இல்லை.

தேவை இல்லாமலா? ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளை நினைத்துப் பாருங்கள். கொழுந்து வாட்டும் விசிறி, சுருட்டும் ரோலர், தூளைப் பிரிக்கும் சல்லடை எல்லாம் ஒன்றாக ஓடும்போது பக்கத்தில் நிற்பவரிடமும் சத்தம் போட்டுத்தான் பேச வேண்டும். நாளுக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பதே அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் சொல்லும் எல்லை. அதற்கு மேற்பட்ட சத்தத்தில் வருடக்கணக்கில் நிற்பவரின் காது மெல்ல மெல்ல மந்தமாகும். போன செவி திரும்பாது. அபாய மணி கேட்காத தொழிலாளிக்குக் கையே போகலாம்.

வேலை எளியது. வாசல் மணிக்குப் போகும் கம்பியிலேயே எல்ஈடி விளக்கை இணைத்துவிடலாம். நம்மூர் எலக்ட்ரீஷியன் போதும். மைக் வைத்த விளக்குகளும் உண்டு. அபாயத்துக்குச் சிவப்பு, வாசலுக்குப் பச்சை, தொலைபேசிக்கு நீலம் என்று பிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் வாடிக்கையாளரிடம் கூட்டிச் சொல்லாதீர்கள். காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை, ஏறக்குறைய பத்து ஸ்தாயி கேட்கும். கண் காணும் ஒளி ஒரு ஸ்தாயிக்குள் அடங்கிவிடும். ஆகவே நிறத்தால் எச்சரிக்கலாம், பேச்சைப் புரியவைக்க முடியாது. பேச்சுக்கு, கூகுள் 2019இல் வெளியிட்ட லைவ் டிரான்ஸ்க்ரைப் போன்ற செயலி இருக்கிறது. பேசுவதைக் கைபேசியில் எழுத்தாகக் காட்டும்.

விற்கும்போது மூன்றைக் கவனியுங்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறியாத ஆண்கள் உண்டு. நிறத்தோடு மினுங்கும் விதமும் மாற வேண்டும். வலிப்பு உள்ளவர்களுக்காக, வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மினுங்கக் கூடாது. கரண்ட் போனாலும் எரிய பட்டரி வேண்டும்.

உலகில் சுமார் 150 கோடிப் பேருக்கு ஏதோ ஓர் அளவில் செவிக்குறை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2021இல் அறிவித்தது. அவர்களில் சிலர் நம் கடை வாசலைத் தினமும் கடந்து போகிறார்கள். அடுத்த முறை புறக்கோட்டைக்குச் சரக்கெடுக்கப் போகும்போது நாலைந்து விளக்குகள் வாங்கி வந்து, ஒன்றைக் கடை முகப்பில் மாட்டிக் காட்டுங்கள்.