பாலை திரிதலும் மேஜர் மைனர் மாற்றமும்

மேனாட்டிசையில் மேஜர், மைனர் என இருவகைச் சுரக்கோவைகள் தலைமை பெறும். இவற்றின் வேறுபாடு முதற்கண் காந்தாரத்திற் புலனாகும். மேஜரில் வருவது அந்தர காந்தாரம். மைனரில் வருவது அதனினும் அரைச்சுரம் தாழ்ந்த சாதாரண காந்தாரம். முன்னது நமது சங்கராபரணத்தையும், பின்னதன் இயல்பு வடிவம் நடபைரவியையும் ஒக்கும். ஒரு பாட்டினுள்ளேயே ஒன்றினின்று மற்றொன்றுக்குப் பெயர்ந்து சுவையை வேறுபடுத்தல் மேனாட்டிசைப் புலவரின் வழக்கம். இப்பெயர்ச்சியின் அடிப்படை தமிழர்க்குப் புதியதன்று.

ஹார்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை மட்டும் 'சி' முதலாக வாசித்தால் சங்கராபரணம் பிறக்கும். அதே கட்டைகளை 'ஏ' முதலாக, அதனையே ஆதாரமாகக் கொண்டு வாசித்தால் நடபைரவி பிறக்கும். சுரங்கள் மாறவில்லை, ஆதாரமே மாறியது. இதனைக் கருநாடக இசையார் கிரகபேதம் என்பர்.

சிலப்பதிகாரமும் அதன் உரைகளும் கூறும் ஏழ்பெரும்பாலைகள் இம்முறையிற் பிறந்தவையே. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்த விபுலானந்த அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் இப்பாலைகளைக் கணித முறையால் ஆராய்ந்தார். செம்பாலையை அரிகாம்போதியாகக் கொள்ளின், அதன் உழையைக் குரலாக்கப் பிறக்கும் அரும்பாலை சங்கராபரணமாம். துத்தத்தைக் குரலாக்கப் பிறக்கும் படுமலைப்பாலை நடபைரவியாம். எனவே, மேனாட்டார் ஒரே சுரங்களையுடைய மேஜருக்கும் மைனருக்கும் கூறும் உறவு, நம் உழைக்கும் துத்தத்திற்கும் உள்ள உறவே ஆகும்.

ஆயினும் இரு மரபுகளும் ஒன்றல்ல. மேனாட்டிசை பல சுரங்களை ஒருங்கே ஒலிப்பது. 'சி, ஈ, ஜி' என்னும் கூட்டிற்கும் 'ஏ, சி, ஈ' என்னும் கூட்டிற்கும் இரு சுரங்கள் பொது. இத்தகைய பொதுமையைப் பாலமாக்கிப் புலவன் மைனருக்குள் நுழைகின்றான். பின்னர் 'ஜி'யை அரைச்சுரம் உயர்த்துகின்றான். உயர்ந்த அச்சுரம் 'ஏ'யை நாடி ஈர்க்கப்படுவதால், 'ஏ'யே புதிய ஆதாரம் என்பதைச் செவி ஒப்புக்கொள்ளும். அவ்வாறு உயர்த்திய கோவை நமது கீரவாணியே. நம் இசையிலோ தம்புரா ஓர் ஆதாரத்தையே இடையறாது ஒலிக்கின்றது. ஆதலின் பாடகன் கிரகபேதத்தைச் சிறிது நேரமே காட்டி, மூல இராகத்திற்கு மீள்வான்.

பாலைகளின் பெயர்களைத் தேர்வின் பொருட்டு மனனஞ்செய்யும் மாணவர் பலர்; அவற்றைச் செவியாற் கேட்டறிந்தோர் மிகச் சிலர். இசைத்தமிழ் ஏட்டளவில் நின்றுவிடின் இலக்கியத்தின் ஒரு பகுதி நமக்கு ஊமையாகிவிடும். பள்ளியில் ஒரு ஹார்மோனியம் இருக்குமாயின், அரங்கேற்று காதையைக் கற்பிக்கும் ஆசிரியர் அதனை வகுப்பிற்குக் கொணர்ந்து, ஏழு சுரங்களையும் ஒவ்வொன்றாகக் குரலாக்கி வாசித்துக் காட்டுவாராக. உரையாசிரியர் உரைத்தது அப்பொழுதே மாணவர்க்கு இசையாய் விளங்கும்.