காதலித்ததே ஞாபகம் இல்லாத ஹீரோயின்... 1965 முதல் ஜப்பான் மறக்காத டைம் டிராவல் காதல் கதை!

சனிக்கிழமை. பள்ளி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சயின்ஸ் லேபைச் சுத்தம் செய்ய வந்த மாணவி கசுகோவுக்கு உள்ளே ஏதோ சத்தம் கேட்கிறது. போய்ப் பார்த்தால் உடைந்த பாட்டில், கூடவே லாவெண்டர் வாசனை. அப்படியே மயங்கி விழுகிறாள்.

சில நாள் கழித்து, நண்பன் கோரோவோடு பள்ளிக்கு ஓடும்போது லாரி ஒன்று நேராகப் பாய்ந்து வருகிறது. அவ்வளவுதான், செத்தோம் என்று நினைத்தவள் கண்ணைத் திறந்தால்... அது முந்தின நாள்!

ஜப்பான் எழுத்தாளர் யசுடாகா சுட்சுயி எழுதிய ‘காலத்தைத் தாண்டும் சிறுமி’ நாவல் இப்படித்தான் சூடுபிடிக்கும். டீன் ஏஜ் டைம் டிராவல் காதல் என்றாலே ஜப்பானில் முதலில் சொல்லப்படும் கதைகளில் இது ஒன்று. டிவி தொடர், சினிமா, அனிமே என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது. அப்படி என்ன இருக்கு இதுல?

பள்ளி மாணவர்களுக்கான இதழில் வந்த தொடர்

1965 நவம்பரில், ‘கக்கென்’ பதிப்பகம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக நடத்திய இதழில் இந்தத் தொடர் ஆரம்பித்தது. முடிந்தது 1966 மே மாதம், பத்தாம் வகுப்பு இதழில். ஜப்பானில் கல்வியாண்டு தொடங்குவது ஏப்ரலில். அதாவது, கதை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதைப் படித்த பிள்ளைகள் பழைய பள்ளியையும் பழைய நண்பர்களையும் விட்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போயிட்டாங்க. பிரிவில் முடிகிற கதைக்கு இதைவிடப் பொருத்தமான வாசகர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள்.

அவன் யார்?

கசுகோவின் இன்னொரு நண்பன் ஃபுகாமாச்சி. உண்மையில் அவன் 2660-ம் ஆண்டிலிருந்து வந்தவன். திரும்பிப் போகத் தேவையான மருந்தைத் தயாரிக்க அவனுக்கு லாவெண்டர் வேண்டும். அதற்காக, ரொம்ப நாளாகப் பழகியவன் போல எல்லோர் மனதிலும் பொய் ஞாபகத்தைப் பதித்து வைத்திருக்கிறான். கடைசியில் கசுகோவை விரும்புவதாகச் சொல்கிறான். ஆனால் கிளம்பும்போது எல்லோருடைய நினைவையும் அழித்தாக வேண்டும், அவளுடையதையும் சேர்த்து. அதுதான் எதிர்காலத்தின் சட்டம். அவள் கெஞ்சியும் பலன் இல்லை.

லாவெண்டர் வாசனை வந்தால் மட்டும், யாரோ ஒருவர் தன்னைத் தேடி வரப்போகிறார் என்று அவளுக்குத் தோன்றும். யார் என்று தெரியாது.

படிக்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கொஞ்சம் யோசித்தால் உறுத்தும். ஞாபகத்தை வைத்தவனும் அவன், எடுத்தவனும் அவன். அவளிடம் கேட்டு நடந்தது எது?

அந்தத் தழும்பு யாருடையது?

இந்த உறுத்தலை நன்றாகப் பிடித்தது 1983-ல் நொபுஹிகோ ஒபயாஷி இயக்கிய படம். தன் சொந்த ஊரான ஒனோமிச்சியின் மேடும் படிக்கட்டுமான சந்துகளில் எடுத்தார். கசுகோவாக தொமோயோ ஹராடா. சின்ன வயதில் தன்னோடு சேர்ந்து கையில் காயம் பட்டவன் ஃபுகாமாச்சி என்று கசுகோ நம்பிக்கொண்டிருப்பாள். தழும்போ கோரோவின் கையில் இருக்கும்! அவள் காதலுக்கு ஆதாரமாக நினைத்த ஞாபகமே பக்கத்தில் இருக்கும் இன்னொருவனுடையது. வருடங்கள் கழித்து ஃபுகாமாச்சி எதிரே வந்தும், அடையாளம் தெரியாமல் அவனைக் கடந்து போகிறாள் கசுகோ. படத்தில் மனதை அதிகம் பிசைகிற இடம் அதுதான்.

2006-ல் மாறிய விதி

மமோரு ஹொசோடாவின் அனிமேவில் ஹீரோயின் மகோட்டோ, கசுகோவின் அக்கா மகளாக வருகிறாள். காலம் தாண்டும் சக்தியைப் புட்டிங் சாப்பிடவும், கரோக்கியில் கூடுதல் நேரம் பாடவும் செலவழிக்கிற ஜாலி பொண்ணு. நண்பன் சியாகி காதலைச் சொன்னதும் அவள் செய்வதென்ன? காலத்தைப் பின்னால் தள்ளி, அவன் அதைச் சொல்லவே விடாமல் செய்கிறாள். இந்த முறை அடுத்தவர் சொன்னதை அழிப்பது பெண்! செய்தது தப்பு என்று புரியும்போது அவளிடம் மிச்சமிருக்கும் தாவல்கள் குறைந்துவிடுகின்றன.

எதிர்காலத்திலிருந்து வந்த சியாகி திரும்பிப் போகிறான். ஆனால் அவள் ஞாபகத்தை எடுத்துப் போகவில்லை. பிரிவு வலி முழுசாக அவளிடமே இருக்கிறது. இருந்தாலும், இதுவரை வந்ததில் நியாயமான முடிவு இதுதான் என்று தோன்றுகிறது.

2010-ல் வந்த படத்தில் கசுகோவின் மகள் 1972-க்குப் போக நினைத்து, தவறுதலாக 1974-ல் போய் இறங்குவாள். அங்கே ஒரு காதல். அதில் பழைய விதியே திரும்பி வந்தது. அவளுக்கும் எல்லாம் மறந்துபோகும்.

ஒரு கொசுறு தகவல்: இந்த நாவலை முதலில் திரைக்குக் கொண்டுவந்தது 1972-ல் என்.எச்.கே ஒளிபரப்பிய டிவி தொடர். அப்போதெல்லாம் வீடியோ டேப் விலை அதிகம் என்பதால், ஒளிபரப்பானதை அழித்துவிட்டு அதே டேப்பில் வேறு நிகழ்ச்சியைப் பதிவு செய்வது வழக்கம். இந்தத் தொடரும் அப்படித்தான் அழிந்தது. கடைசி எபிசோடு மட்டும் தப்பியது, யாரோ ஒரு நேயர் அதை வீட்டில் ரெக்கார்டு செய்து வைத்திருந்ததால்.