குப்புறப் படுத்தவருக்கு மூச்சு



மாகறல் பக்கத்தில் தறிக்குழியில் கால் வைத்து நாள் முழுதும் பட்டு நெய்கிறவர்களுக்கு முதுகுவலி புதிதல்ல. பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படுவதில்லை. தேவைப்படுகிற சிலர் பயத்தோடு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "மணிக்கணக்கில் குப்புறப் படுக்க வைப்பார்களாமே, எப்படி மூச்சு விடுவது?"

1949-ஆம் ஆண்டு டாக்டர் ஜேக்கப் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். அன்றுமுதல் கருவிகள் எவ்வளவோ மாறின. ஆனால் முதுகெலும்பைப் பின்பக்கமாகத் திறக்க வேண்டுமானால், நோயாளியைக் குப்புறப் படுக்க வைப்பதே இன்றும் வழக்கம். மயக்கத்தில் இருக்கும் அவருக்காக வென்டிலேட்டர் கருவி மூச்சு விடுகிறது.

அது இரண்டு விதமாக மூச்சுக் கொடுக்கும். முதலாவது முறையில் காற்றின் அளவு நிச்சயிக்கப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு மூச்சுக்கு சுமார் 400 மில்லி. நெஞ்சு இறுகினாலும் அந்த அளவு போய்ச் சேரும். ஆனால் அழுத்தம் ஏறும். இரண்டாவது முறையில் அழுத்தம் நிச்சயிக்கப்படும். காற்று முதலில் வேகமாகவும் பின்பு மெதுவாகவும் நுழைவதால் உச்ச அழுத்தம் குறைவு. ஆனால் குழாய் மடங்கினாலோ சளி அடைத்தாலோ, உள்ளே போகும் காற்று குறைந்துவிடும். இவ்விரண்டையும் இணைத்து, தேவையான அளவைக் குறைந்த அழுத்தத்தில் கொடுக்க முயலும் மூன்றாவது முறையும் இன்று உண்டு.

அழுத்தம் ஏன் முக்கியம்? நெஞ்சிலும் வயிற்றிலும் அழுத்தம் கூடினால், இருதயத்துக்குத் திரும்பும் இரத்தம் தடைப்பட்டு, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள மெல்லிய இரத்தக் குழாய்களில் தேங்கும். அவற்றில் தடுக்கும் வால்வுகள் இல்லை. ஆகவே கத்தி பட்ட இடத்தில் இரத்தப்போக்கு அதிகமாகும். தென் கொரியாவில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், இரண்டாவது முறையில் இரத்த இழப்பு குறைவாக இருந்தது. எல்லாருக்கும் அதுவே சிறந்தது என்று முடிவு கட்ட அது போதாது.

கருவியின் முறை எதுவானாலும், நெஞ்சுக்கும் இடுப்புக்கும் தாங்கல் வைத்து வயிறு அழுந்தாமல் தொங்கவிடுவது அவசியம். அதைவிட அவசியம், கருவியின் எண்களை விட்டுக் கண் எடுக்காத மயக்க மருந்து டாக்டர்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடக்குமானால், இளைப்பு, நாட்பட்ட இருமல், பீடிப் பழக்கம் எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். எந்த முறை ஏற்றது என்று தீர்மானிக்க அவருக்கு அது உதவும். சர்ஜனுக்காக ஜெபிக்கும்போது, தலைமாட்டில் நிற்கும் இவரையும் நினைத்துக்கொள்ளுங்கள்.