பாட்டில் கொட்டும் பணம்



சென்ற மாதம் ஒரு நாள், பள்ளி விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பிய பிறகு, ஒரு தாயார் நம்மைத் தேடி வந்தார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை செய்பவர். அவருடைய மகன் முன்பு நம்மிடம் படித்தவன். இப்போது பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான்.

"சார், மாசம் முடியறதுக்குள்ள என்கிட்டயே கடன் கேக்கறான். விசாரிச்சா, பழகற பொண்ணுக்குத் தவணையில கைப்பேசி வாங்கிக் கொடுத்திருக்கான். எந்நேரமும் காதுல அந்த ராப் பாட்டுதான். காரு வாங்கித் தரேன், வைரம் வாங்கித் தரேன்னு பொண்ணுங்களப் பாத்துப் பாடறானுங்களாமே! அதுதான் இவனக் கெடுத்துடுச்சு. நீங்க ரேடியோவுல பேசறீங்களே, அதக் கேக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்றார்.

"சொல்கிறோம் அம்மா" என்று தலையாட்டி அனுப்பிவிட்டோம். அவர் போன பிறகுதான் நினைத்துப் பார்த்தோம். அந்தப் பாட்டுகளில் ஒன்றையாவது நாம் முழுமையாகக் கேட்டதுண்டா? இல்லை. விடைத்தாளைத் திறந்து பார்க்காமலே மதிப்பெண் போடுவது ஆசிரியருக்கு அழகல்ல. ஆகவே சில வாரங்கள் அவற்றைக் கேட்டோம். அவற்றின் வரலாற்றையும் படித்தோம். அறிந்துகொண்டதை இன்று உங்களுக்குச் சொல்கிறோம்.

ராப் என்பது ராகம் இழுக்காமல், தாளத்துக்கு ஏற்ப, எதுகையும் மோனையும் விழும்படி விரைந்து சொல்லிக்கொண்டே போகும் பாட்டு. நம் இளைஞர்கள் இதனைச் சொல்லிசை என்றும் அழைக்கிறார்கள். நம் நாட்டிலேயே யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் 'வல்லவன்' என்னும் தமிழ்ச் சொல்லிசைத் தொகுப்பை வெளியிட்டுப் புகழ் பெற்றார்கள். ஆனால் இந்தக் கலை பிறந்த இடம் அமெரிக்கா.

நியூயார்க் நகரில் பிராங்ஸ் என்னும் வட்டாரம் உண்டு. 1970-ஆம் ஆண்டுகளில் அது வேலையின்மையாலும் தீவிபத்துகளாலும் சீரழிந்து கிடந்தது. அங்கே வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் ஆவர். 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், அங்குள்ள ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து நடந்தது. ஜமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த சிண்டி கேம்பல் என்னும் பெண் அதனை ஏற்பாடு செய்தார். நுழைவுக் கட்டணம் பெண்களுக்கு 25 செண்டு, ஆண்களுக்கு 50 செண்டு. அவருடைய அண்ணன் கிளைவ், 'கூல் ஹெர்க்' என்ற பெயரில் இசைத்தட்டுகளைச் சுழற்றினார். ஒரே இசைத்தட்டின் இரண்டு படிகளை மாற்றி மாற்றி ஓட்டி, தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை நீட்டிக்கொண்டே போவது அவர் கண்ட உத்தி. அந்தத் தாளத்தின் மேல்தான் பேச்சுப் பாட்டு ஏறியது. ராப் இசை பிறந்த நாளாகப் பலரும் அந்த இரவையே கொண்டாடுகிறார்கள்.

சிண்டி எதற்காக விருந்து வைத்தார் தெரியுமா? பள்ளி திறக்கும் முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டியிருந்தது. பணத்தைக் கொட்டும் பாட்டு என்று நாம் பழிக்கும் இந்தக் கலை, பள்ளிக்குப் போகும் ஒரு பிள்ளையின் துணிச் செலவில்தான் தொடங்கியது!

அப்படியானால் வைரமும் காரும் எப்படி வந்தன? இதற்கு இரண்டு காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, ராப் ஒரு சொற்போட்டி. என்னைப் போல் பாட ஆளில்லை, என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை என்று பெருமை பேசுவது அந்த ஆட்டத்தின் விதி. 1979-இல் உலகெங்கும் பரவிய முதல் பெரிய ராப் இசைத்தட்டிலேயே கார்ப் பெருமையும் வண்ணத் தொலைக்காட்சிப் பெருமையும் வந்துவிட்டன. கேட்பவர்களும் அதை ஆட்டமென்றே கேட்டார்கள். 1982-இல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவினர் வெளியிட்ட 'தி மெசேஜ்' என்னும் பாட்டு இதற்கு நேர்மாறானது. சேரி வாழ்க்கையின் துன்பத்தை அது அப்படியே சொன்னது. பெருமையும் துன்பமும் ஒரே தெருவில் பிறந்த அண்ணன் தம்பிகள்.

இரண்டாவது காரணம் ஆழமானது. அமெரிக்காவில் 1930-ஆம் ஆண்டுகளிலிருந்து கறுப்பின மக்கள் வாழ்ந்த வட்டாரங்கள் வரைபடத்தில் சிவப்பு வண்ணத்தால் குறிக்கப்பட்டன. அங்கே வீடு வாங்கக் கடன் கிடைப்பது அரிதாயிற்று. இத்தகைய பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் 1968-இல்தான் வந்தது. வீடாகவும் நிலமாகவும் செல்வம் சேர்க்க வழியில்லாதவன், பிறர் கண்ணுக்குத் தெரியும்படி கழுத்திலும் கையிலும் செல்வத்தைக் காட்ட முற்படுவதில் வியப்பென்ன?

2009-இல் மூன்று பொருளாதார அறிஞர்கள் இதைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். துணி, நகை, கார் போன்ற கண்ணுக்குத் தெரியும் பொருள்களுக்கு யார் அதிகம் செலவிடுகிறார்கள் என்று பார்த்தார்கள். அது இனத்தின் குணமன்று என்று கண்டார்கள். சுற்றியிருக்கும் தம் மக்கள் எளியவர்களாக இருக்கும் இடத்தில், 'நான் ஏழையல்ல' என்று காட்டும் செலவு கூடுகிறது, வெள்ளையரிடையேயும் அப்படித்தான்.

இதைப் படித்தபோது நமக்கு நம் லயத்துக் கல்யாணங்கள் நினைவுக்கு வந்தன. நமது திருமணத்துக்கு வாங்கிய கடனை நம் தந்தையார் நான்கு ஆண்டுகள் கட்டினார். பந்தலும் மேளமும் பக்கத்து லயத்தாரின் கண்ணுக்காக. அந்தக் காலத்தில் நம் தோட்டத்தில் எவருக்கும் ராப் என்ற சொல்லே தெரியாது, நேயர்களே!

இனி, அந்தத் தாயார் குறிப்பிட்ட வகைப் பாட்டுக்கு வருவோம். காதலியிடம், நீ விரும்புவது எதுவானாலும் வாங்கித் தருகிறேன் என்று வாக்களிக்கும் பாட்டுகளில் பேர்போனது, அட்லாண்டா நகரைச் சேர்ந்த டி.ஐ. என்னும் பாடகர் 2008-இல் பாடிய 'வாட்டெவர் யூ லைக்'. செப்டம்பர் மாதத் தொடக்கத்தில் அது அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தது. அதே மாதம் 15-ஆம் நாள் லேமன் பிரதர்ஸ் என்னும் பெரிய முதலீட்டு வங்கி நொடித்தது. எண்ணற்றோர் வீட்டையும் வேலையையும் இழந்த நேரத்தில் வானொலிகள் இந்தப் பாட்டை முழங்கின. ஆல் யாங்கோவிக் என்னும் நையாண்டிப் பாடகர் அடுத்த மாதமே அதே மெட்டில், கையில் காசில்லாத காதலன் மலிவுப் பொருள்களை வாக்களிப்பதாகப் பாடிச் சிரிக்க வைத்தார்.

டி.ஐ. பாட்டின் படக்காட்சியைப் பாருங்கள். உணவுக்கடையில் வேலை செய்யும் ஒரு பெண்ணிடம் பணக்காரன் வருகிறான், செல்வத்தைக் கொட்டுகிறான். ஆனால் முடிவில் அத்தனையும் அவள் கண்ட பகற்கனவு! படம் எடுத்தவரே கனவு என்று சொல்லிவிட்டார். நாம்தாம் முடிவுவரை பார்ப்பதில்லை.

2005-இல் கான்யே வெஸ்ட் பாடிய 'கோல்டு டிக்கர்' பத்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. பணத்துக்காக ஆணைத் தேடும் பெண்ணைப் பழிக்கும் பாட்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். கடைசிப் பகுதியில் கதை திரும்புகிறது. ஏழ்மையில் உடனிருந்த பெண்ணை, பணம் வந்ததும் ஆண்மகன் விட்டுவிட்டுப் போகிறான். 2003-இல் 50 செண்ட் என்னும் பாடகர் பாடிய '21 குவெஸ்டியன்ஸ்' இன்னும் வெளிப்படையானது. நான் நொடித்துப் போனால், சாதாரண உணவுக்கடையில் வேலை பார்த்தால், அப்போதும் என்னை நேசிப்பாயா என்று கேள்வி மேல் கேள்வியாகக் கேட்கிறார். பணத்தைக் கொட்டுகிறேன் என்று பாடும் குரலின் அடியில் இருப்பது இந்த அச்சம்தான்.

சரி, பாடகர்களிடம் கொட்டுவதற்குப் பணம் உண்மையிலேயே இருக்கிறதா? இதை நம் தோட்ட மக்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். நம் பாட்டன்மார் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக் கப்பலேறினார்கள். பிறகு சம்பளத்தில் அது பிடிக்கப்பட்டது. இசைத்தட்டு நிறுவனமும் பாடகருக்கு முன்பணம் கொடுக்கிறது. பாட்டைப் பதிவு செய்யும் செலவும், படக்காட்சிச் செலவில் ஒரு பகுதியும் பெரும்பாலும் பாடகரின் கணக்கிலேயே ஏறும். அந்தக் கணக்குத் தீரும்வரை விற்பனையில் அவருடைய பங்கு கைக்கு வராது. படத்தில் மின்னும் காரும் நகையும் பல சமயம் வாடகைப் பொருள்களே.

டி.எல்.சி. என்னும் மூன்று பெண்களின் குழு, அவர்களுடைய இசைத்தொகுப்பு இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்த 1995-ஆம் ஆண்டிலேயே, கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றம் சென்றது. காதலியிடம் கேள்வி கேட்ட அதே 50 செண்ட் 2015-இல் நொடிப்பு மனுச் செய்தார். மறு ஆண்டு, கட்டுக் கட்டாகப் பணத்தோடு அவர் வெளியிட்ட படங்களைப் பற்றி நீதிபதி விளக்கம் கேட்டார். அது நாடகத்துக்குப் பயன்படும் போலிப் பணம் என்று பதில் வந்தது. பின்னர் அவர் கடனைத் தீர்த்து 2017-இல் மீண்டார்.

பெண்கள் இதற்கெல்லாம் மறுமொழி சொல்லாமல் இல்லை. 1999-இல் டெஸ்டினிஸ் சைல்டு குழுவினர் பாடிய 'பில்ஸ், பில்ஸ், பில்ஸ்', ஆணிடம் பணம் கேட்கும் பாட்டு என்றே பேசப்பட்டது. கவனித்துக் கேட்டால், தன் காரையும் தொலைபேசியையும் கடன் அட்டையையும் பயன்படுத்திச் செலவை ஏற்றிவிட்ட காதலனிடம் ஒரு பெண் கேட்கும் நியாயமான கணக்கு அது. லூசியானாவைச் சேர்ந்த வெப்பி என்னும் ராப் பாடகர் 2007-இல், சொந்த உழைப்பில் வீடும் காரும் வைத்திருக்கும் பெண்ணைப் போற்றி 'இண்டிபெண்டென்ட்' பாடினார். மேக்லமோர், ரையன் லூயிஸ் இருவரும் 2012-இல் வெளியிட்ட 'திரிஃப்ட் ஷாப்' பழைய துணிக்கடையில் மலிவாக வாங்குவதையே பெருமையாகப் பாடி, மறு ஆண்டு முதலிடம் பெற்றது. ஆகவே ராப் என்றாலே ஊதாரித்தனம் என்பது உண்மையன்று.

இவ்வளவும் தெரிந்த பிறகு அந்த இளைஞனை அழைத்து, தாளும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தோம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அவன் சம்பளமும் அதுதான். சேமநிதிக்கு 187 வெள்ளியும் மற்றச் சிறு பிடித்தங்களும் போக, கையில் வருவது ஏறக்குறைய 1,500. வீட்டுக்கு 500, மோட்டார் சைக்கிள் தவணை 280, சாப்பாட்டுக்கும் பெட்ரோலுக்கும் 450. மிச்சம் 270. கைப்பேசித் தவணை 130. ஆக, மாதம் முழுவதற்கும் அவனிடம் இருப்பது 140 வெள்ளி. அந்தக் கைப்பேசியின் விலை 2,400. 24 மாதத் தவணையில் அவன் கட்டப்போவது 3,120. கூடுதலாகப் போகும் 720 வெள்ளி காதலிக்கும் போகவில்லை, தாய்க்கும் போகவில்லை.

அவன் நெடுநேரம் தாளையே பார்த்தான். பிறகு, "சார், என் சம்பளம் என்னன்னு அவளுக்குத் தெரியாது. கேக்கவும் இல்ல, நானும் சொல்லல" என்றான். அவனை வாட்டியது பாட்டு அன்று. சொல்லத் தயங்கிய அந்த ஒரு தொகைதான்.

"அந்தத் தாளையே கொண்டுபோய்க் காட்டு" என்றோம். இரண்டு வாரம் தயங்கிக் காட்டியிருக்கிறான். அந்தப் பெண் கோபித்துக்கொண்டாளாம், ஏன் முன்பே சொல்லவில்லை என்று. கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. தவணை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இருவரும் சேர்ந்து கட்டுகிறார்கள். அவர்கள் திருமணம் கைகூடுமா என்பது நமக்குத் தெரியாது. ஆனால் இனி ஒருவர்க்கொருவர் கணக்கை மறைக்க மாட்டார்கள் என்று நம்புகிறோம்.

பெற்றோர்களே, பிள்ளையின் காதிலிருந்து பாட்டைப் பிடுங்காதீர்கள். அருகில் உட்கார்ந்து, "இவன் என்ன சொல்கிறான், முடிவில் என்ன ஆகிறது?" என்று கேளுங்கள். உங்கள் சம்பளச் சீட்டையும் வீட்டுச் செலவையும் பிள்ளைகள் அறியும்படி பேசுங்கள். வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசக் கேட்டிராத பிள்ளை, காதலியிடம் எப்படிப் பேசுவான்?

இளைஞர்களே, நான் நொடித்தாலும் நேசிப்பாயா என்னும் அந்தக் கேள்வி நல்ல கேள்விதான். அதைக் கடனில் மூழ்கிய பிறகு கேட்காதீர்கள். முதல் தவணைக்குக் கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்.